இதெல்லாம் ஒரு குளிரா?

மார்கழி மாதத்துக் காலையில் ஸ்கூட்டியை விட்டு இறங்கி, "கூதல் தாங்க ஏலாம இரிக்கு, கை ரெண்டும் விறைச்சுப் போச்சு" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இதெல்லாம் ஒரு குளிரா?" கனடாவிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா கேட்பார். ஹற்றனிலிருந்து வந்து எங்களோடு கம்பஸில் படிக்கிற பெடியன் கேட்பான். ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்பது, அன்று வாசலுக்கே இறங்காமல் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு இருந்த ஆள்தான்.

கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. மட்டக்களப்பில் மார்கழி, தை மாத இரவு வெப்பநிலை சராசரியாக 23 பாகை செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். அதே காலத்தில் நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பூத்திருக்கும். சித்தப்பா இருக்கிற ஊரில் மூக்குத்தண்ணியே உறையுமாம். அந்தக் கணக்கில் பார்த்தால் நாங்கள் வாய் திறக்கவே கூடாது.

நான் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எங்களுடையதும் குளிர்தான். அது பனியின் குளிர் இல்லை, ஈரத்தின் குளிர், காற்றின் குளிர். கூதல் என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறோம். பெயர் வைத்த ஊர்க்காரருக்கே அதில் நம்பிக்கை இல்லாமல் போனது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் நம்பாததால் அடி விழுவது மாரி காலத்தில் ரெண்டு சில்லில் போகிறவர்களுக்கு, அதிலும் அவர்களுடைய கைகளுக்கு.

2022 டிசம்பரை ஞாபகம் இருக்கிறதா? மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் எங்களைக் கடந்து மேலே போய், 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காற்று மாசடைந்துவிட்டது என்று இங்கே பாடசாலைகளுக்கு லீவு விட்டார்கள். எங்கட வயதுக்காரர் பலருக்கு அந்தப் புயல் என்றால் அந்த லீவு மட்டும்தான் ஞாபகம். மாடு வளர்க்கிறவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். அந்த ஓரிரு நாட்களுக்குள் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் செத்துப் போயின. என்ன நோயோ என்று பயந்து, மாவட்டம் விட்டு மாவட்டம் இறைச்சி கொண்டு போவதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தவர்கள் கடைசியில் சொன்ன காரணம் குளிர்.

உறைபனி ஒன்றும் விழவில்லை. நுவரெலியாக் குளிரும் இறங்கி வரவில்லை. நனைந்த உடம்பு, விடாமல் அடித்த காற்று, ஒதுங்க ஒரு கூரை இல்லாத வெட்டை, பழக்கமில்லாத தோல். இவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு குளிரா" என்று கேட்கிறவர்களுக்கு அந்த மாடுகள் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டன.

ஸ்கூட்டி ஓடினால் செத்துப் போவோம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே நாலு சங்கதியும் சின்ன அளவில் ஒவ்வொரு மாரியிலும் எங்கட கைகளில் நடக்கிறது என்கிறேன். நனைந்த கை, காற்று, மறைப்பில்லாத ஹாண்டில், பழகாத உடம்பு.

ஆரையம்பதியிலிருந்து வந்தாறுமூலைக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் வரும். காத்தான்குடி முடியும் வரை கடைகளும் வீடுகளும் காற்றை மறித்துக் கொடுக்கும். கல்லடிப் பாலத்தில் ஏறினதும் அந்த மறைப்பு போய்விடும். பக்கத்தில் நிற்கிற 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தின் இரும்பு வளைவுகளை மழை இல்லாத நாளில் பார்த்தால் அழகுதான். மார்கழி விடியலில் யாரும் பார்ப்பதில்லை. வாடைக்காற்று வாவியைத் தடவிக்கொண்டு வலது கைப் பக்கத்தால் வரும். வலது கைதான் அக்சிலேற்றரைப் பிடித்திருக்கிற கை. இடது கையையாவது ஒரு நிமிடம் மடியில் வைத்துச் சூடாக்கலாம், வலது கைக்கு அந்தச் சலுகையும் இல்லை. பிறகு ஊறணி, தன்னாமுனை, மயிலம்பாவெளி என்று ஏறாவூர் வரைக்கும் திறந்த வெளியும் தூறலும் மாறி மாறி வரும்.

எங்கட ஊரில் இதைவிட மோசமான பாதையும் ஒன்று இருக்கிறது. மண்முனைப் பாலம். 2014இல் அது திறக்கப்படும் வரை படுவான்கரைக்குப் போகிறவர்கள் துறையில் காத்திருந்து 'பாதை'யில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். இன்றைக்கு எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் படிப்பிக்கப் போகிற ரீச்சர்மார் பலர் ஸ்கூட்டியில்தான் போகிறார்கள். பாலம் நல்ல விசயம், அதில் பேச்சில்லை. ஆனால் ரெண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நீங்கள். மழையில் அந்தப் பாலத்தைக் கடந்து போய், எட்டு மணிக்கு முன் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற ரீச்சரின் கையெழுத்தைப் பார்த்தால் அவருடைய கையெழுத்து மாதிரியே இருக்காது.

ஏன் இப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "மனப்பிரமை" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அதற்கு மேல், தோலில் உள்ள ஈரம் ஆவியாகும்போது அதுவும் சூட்டை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வேலைதான். நீங்கள் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் உங்கள் கைக்கு 40 கிலோமீற்றர் காற்று அடிக்கிறது. வாடை எதிரே வந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கிடையில் நெஞ்சும் நனைந்துவிட்டால் உடம்பு ஒரு முடிவெடுக்கும்: இதயத்தையும் மூளையையும் சூடாக வைத்திருக்க, விரல்களுக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துவிடும். கை விறைக்கிறது என்பது கையின் பிரச்சினை மட்டும் இல்லை என்பது இதனால்தான். இதைப் பிறகு சொல்கிறேன்.

காற்றுக் குளிரை அளக்க உலகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போல் சிப்பிள், சார்ள்ஸ் பசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அந்தாட்டிக்காவில் ஒரு பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்ததில் இருந்து தொடங்கிய கணக்கு அது. 2001இல் கனடாவும் அமெரிக்காவும் அதைத் திருத்தி அமைத்தன. அந்தக் கணக்கு 10 பாகையும் அதற்குக் கீழும் மட்டும்தான் செல்லும். எங்கட 23 பாகைக்கு அதில் இடமே இல்லை. போனில் காலநிலையைத் தட்டிப் பார்த்தால் 'உணரப்படும் வெப்பநிலை' என்று ஒன்று வருமே, எங்களுக்கு அது ஈரப்பதனைச் சேர்த்து உள்ளதைவிடக் கூட்டித்தான் அனேகமாகக் காட்டும். அது கூரைக்குக் கீழே காய்ந்து போய் நிற்கிற ஆளுக்கான கணக்கு. நனைந்த கையோடு கல்லடிப் பாலத்தில் போகிற புள்ளைக்கான கணக்கை இன்னும் யாரும் போனில் போடவில்லை.

சரி, கை விறைத்தால் என்ன? கொஞ்ச நேரம் தேய்த்தால் சரியாகிவிடுமே?

ஸ்கூட்டியில் ரெண்டு பிரேக்கும் கையில்தான். மோட்டார்சைக்கிளில் பின் பிரேக் காலில் இருக்கிறது. சப்பாத்துக்குள் இருக்கிற கால் அவ்வளவு சீக்கிரம் விறைக்காது. ஸ்கூட்டிக்காரருக்கு நிற்பதற்கு விரல்களை விட்டால் வேறு வழியே இல்லை. 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடும். விரல் அரைச் செக்கன் தாமதித்தால் ஐந்து மீற்றருக்கு மேல் போய்விட்டீர்கள். ஒரு மாடு குறுக்கே நிற்க அவ்வளவு இடம் போதும். எங்கட றோட்டில் மாடு நிற்காத நாளும் இல்லை.

இதோடு வண்டியின் வயதையும் சேர்க்க வேண்டும். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசமும் ஊரில் கைமாறியதெல்லாம் பழைய ஸ்கூட்டிகள். மழைத்தண்ணி இறங்கி இறங்கிப் பிரேக் கேபிள் துருப்பிடித்திருக்கும். லீவரை இழுக்க நல்ல கைக்கே பலம் வேண்டும், விறைத்த கைக்குச் சொல்லவா வேண்டும்.

எங்களோடு படிக்கிற ஒரு புள்ள போன மாரியில் ஒரு சந்தியில் விழுந்தாள். பெரிய அடி இல்லை, மணிக்கட்டில் கட்டுப் போட்டு ரெண்டு கிழமை. அவள் சொன்னது இதுதான்: "பிரேக்கப் பிடிச்சேன்டுதான் நினைச்சன், விரல் மடங்கவே இல்ல." கூடி நின்றவர்கள் சொன்னது என்ன தெரியுமா? "இந்தப் பொம்புளப் புள்ளைகளுக்கு ஸ்கூட்டிய வாங்கிக் குடுத்தா இப்பிடித்தான்." அங்கே நின்ற ஒருவருக்கும் அவளுடைய கையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தொட்டிருந்தால் ஐஸ் மாதிரி இருந்திருக்கும். குளிரைக் குளிர் என்று ஒத்துக்கொள்ளாத ஊரில், குளிர் செய்கிற பிழையெல்லாம் பொம்பளையின் பிழையாகக் கணக்கில் எழுதப்படும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கையுறையே இல்லாத ஊரா இது? கடைக்குப் போய்ப் பாருங்கள். வெயிலுக்குப் போடுகிற கையுறை முழங்கை வரைக்கும், தோள் வரைக்கும், பூப்போட்டது, வெறும் வெள்ளை, விரல் இருக்கிறது, இல்லாதது என்று வரிசையாகத் தொங்கும். கச்சான் காற்றடிக்கிற ஆனி, ஆடியில் அவற்றுக்குத் தேவை இருக்கிறது, வெயில் தோலைச் சுடத்தான் செய்கிறது. ஆனால் அவ்வளவும் விற்பது சூட்டுக்குப் பயந்தா, கறுப்புக்குப் பயந்தா என்பது வாங்குகிற எங்களுக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். "கறுத்துப் போவா" என்று அம்மாமார் வாங்கித் தருகிற கையுறைதான் முக்கால்வாசி. அதே கடையில் "மழைக்குப் போடுற கிளவுஸ் இரிக்கா" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த நாட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

பலர் அந்த வெயில் கையுறையையே மழையிலும் போட்டுக்கொண்டு போகிறார்கள். அது வெறும் கையைவிட மோசம். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த துணியைக் கையில் சுற்றிக் காற்றில் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் மேலே மண்பானையைச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வருகிற கம்பளிக் கையுறையும் எங்கட மழையைத் தாங்காது. அது காய்ந்த பனிக்குச் செய்தது. ஒருமுறை நனைந்தால் காய ரெண்டு நாள் எடுக்கும், அதுவும் வெயில் எறித்தால்.

அப்போ என்ன செய்யலாம்? கையைச் சூடாக்க முதலில் நெஞ்சைச் சூடாக வையுங்கள். நெஞ்சு காய்ந்து சூடாக இருந்தால்தான் விரலுக்கு இரத்தம் வரும். ரெயின்கோட்டின் சிப் உடைந்திருந்தால் கையுறைக்கு முதல் அதைத் தையுங்கள். மழை இல்லாத, காற்று மட்டும் அடிக்கிற காலையிலும் ரெயின்கோட்டைப் போடுங்கள், அது காற்றையும் மறிக்கும். உள்ளே நெஞ்சுப் பக்கம் நாலு பக்கப் பத்திரிகைத் தாளை வைத்தால் இன்னும் நல்லது. சிரிக்காதீர்கள். பிரான்சில் நடக்கிற பெரிய சைக்கிள் ஓட்டத்தில் மலை உச்சியிலிருந்து இறங்குகிற வீரர்கள் பத்திரிகையை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம்.

கைக்கு, சட்டி பானை கழுவப் போடுகிற றப்பர் கையுறை. எல்லாக் கடையிலும் இருக்கும், விலையும் பெரிதில்லை. உங்கள் அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுத்து, உள்ளே காய்ந்த மெல்லிய துணிக் கையுறை ஒன்று. வெயில் கையுறைக்கு இங்கேதான் வேலை. இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுக்கினால் இரத்தம் ஓடாது, பிறகு எத்தனை உறை போட்டும் பயனில்லை. ரெயின்கோட்டுக் கை, கையுறைக்கு மேலால் வர வேண்டும், இல்லாவிட்டால் தோளிலிருந்து வழிகிற தண்ணீர் நேராகக் கையுறைக்குள் போய்ச் சேரும். போட்டவுடன் மெயின் றோட்டில் ஏறாமல், ஒழுங்கைக்குள் ரெண்டு தரம் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். பை ஒன்றில் இன்னொரு சோடி காய்ந்த துணிக் கையுறை வைத்திருந்தால் திரும்பி வரும்போது கை கும்பிடும்.

சொப்பிங் பையைக் கையில் கட்டிக்கொண்டு போகிறவர்களைக் காண்கிறேன். எங்கட பக்கத்தில் விடிய நாலு மணிக்கு மீன் எடுக்கப் போகிற ஒரு மாமா அப்படித்தான் போவார், முப்பது வருசப் பழக்கம் என்பார். அவருக்குச் சரி. மற்றவர்கள் வேண்டாம், பொலித்தீன் லீவரில் வழுக்கும். கையைச் சைலன்சருக்குக் கிட்டப் பிடித்துச் சூடாக்குவதும் வேண்டாம். விறைத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பிரேக் கேபிளுக்கு மாரி தொடங்க முதல் எண்ணெய் விடச் சொல்லுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

யப்பானில் தபால்காரரும் பத்திரிகை போடுகிறவர்களும் ஹாண்டிலோடு சேர்த்துப் பூட்டுகிற பெரிய உறைக்குள் கையை விட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். டில்லியில் குளிர்காலத்தில் அதே மாதிரி உறை தெருவோரத்தில் விற்கிறது. சீனாவில் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு மெத்தைப் போர்வையையே கட்டிவிடுகிறார்கள், கை, நெஞ்சு, முழங்கால் எல்லாம் அதற்குப் பின்னால். எங்களுக்கு மெத்தை தேவையில்லை. தண்ணீர் ஒட்டாத துணியில் ஹாண்டில் உறை தைக்க எங்கட ஊரில் தையல் தெரிந்த அக்காமார் எத்தனை பேர் இருக்கிறார்கள்! சுயதொழில் என்றால் உறைப்பையும் சீலைப் பையும் மட்டும்தானா? கை சுலபமாக உள்ளே போய் வர வேண்டும், லீவரில் முட்டக் கூடாது, சிக்னல் சுவிச் மறையக் கூடாது. இந்த மூன்றையும் பார்த்துத் தைத்தால் விற்கும்.

இன்னொரு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு விரல் நுனி வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடு பட்டதும் சிவந்து கடுக்கும். ரேனோட் என்று அதற்குப் பெயர், பெண்களுக்கு அதிகம் வருவது. அதற்குக் கையுறை மட்டும் போதாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும். "கூதலுக்கு அப்பிடித்தான்" என்று வீட்டில் சொன்னாலும் போய்க் காட்டுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் நாங்களே கையுறை வாங்கிச் சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. வெளிக்கள வேலைக்குப் பெடியங்களையும் பெட்டைகளையும் மோட்டார்சைக்கிளில் அனுப்புகிற நிறுவனங்கள் பெயர் அடித்த ரெயின்கோட் கொடுக்கின்றன. அதோடு ஒரு சோடி கையுறை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வருகிற தம்பி வாசலில் நின்று மீதிக் காசு எண்ண முடியாமல் தடுமாறுவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். விடிய விரிவுரை வைக்கிறவர்கள், மாரியில் பத்து நிமிடம் பிந்தி வருகிறவளின் வரவை வெட்டாமல் விட்டால் அவள் பாலத்தில் வேகத்தைக் கூட்ட மாட்டாள். பஸ் ஒழுங்காக ஓடினால் பாதிப்பேர் இந்த ரெண்டு மாதமும் ஸ்கூட்டியை வீட்டிலேயே விடுவார்கள். பஸ் தரிப்பிடத்துக்கு மூன்று பக்கமும் சுவர் வைத்துக் கட்டினால், ஸ்கூட்டிக்காரரும் அஞ்சு நிமிடம் ஒதுங்கிக் கையைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போவார்கள். இப்போது இருக்கிற பல தரிப்பிடங்களில் கூரை மட்டும்தான். எங்கட மழை எந்தக் காலத்தில் நேராகப் பெய்தது?

கம்பஸில் எங்கட பிரிவில் ஏழு பேர் இந்த முறை றப்பர் கையுறை வாங்கியிருக்கிறோம். மஞ்சள் நிறத்தில் கோழிக்கால் மாதிரி இருக்கிறது என்று பெடியங்கள் சிரிக்கிறார்கள். போன கிழமை அவர்களில் ரெண்டு பேர் எங்கே வாங்கினது என்று தனியாக வந்து கேட்டார்கள். கடையில் பெரிய அளவு முடிந்துவிட்டது, வருகிற வியாழக்கிழமைதான் வருமாம்.